உறுதியான குதிரை என்று ஒன்று இல்லை

சென்ற நவம்பர் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை. வானொலியில் என் நிகழ்ச்சி முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு நேயரின் குரல் பதிவு வந்து விழுந்தது. இளவயதுக் குரல்.

"அக்கா, இன்னைக்கு மெல்பர்ன் கப் லா. ஆபீஸ்ல எல்லாரும் அதையேதான் பேசிக்கிட்டு இருக்காங்க. எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பந்தயத்துல ஓட ஒரு குதிரைய எப்படிச் சேர்த்துக்குவாங்க? காற்பந்து லீக் மாதிரி பாயிண்ட் கணக்கு இருக்கா? இல்ல, காசு கட்டுனா போதுமா?"

நல்ல கேள்வி. ஆனால் அன்று நான் அதை ஒலிபரப்பவில்லை. இரண்டு காரணம். முதலாவது, எனக்குப் பதில் தெரியாது. இரண்டாவது, எங்கள் குடும்பத்தில் 'குதிரை' என்ற சொல்லைப் பல ஆண்டுகளாக யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. கிள்ளானில் இருக்கும் என் தாய்மாமன்தான் அதற்குக் காரணம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அந்த வாரக் கடைசியில் கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் ஏறி, மாமா வீட்டுக்கே போனேன். கேள்விக்குப் பதில் தெரிந்தவர் எங்கள் குடும்ப வட்டத்தில் ஒருவர்தான். மாமாவின் பழைய நண்பர், சிலாங்கூர் டர்ஃப் கிளப்பில் ஆயுள் முழுக்க 'சைஸ்' வேலை பார்த்தவர். சட்டை அளவைச் சொல்லும் சைஸ் இல்லை. குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, நடக்கவிட்டு, லாயத்தில் அதனுடன் வாழ்பவரைத்தான் இங்கே சைஸ் என்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்றார். ஐயா என்றே குறிப்பிடுகிறேன்.

இரட்டைக் கோபுரத்துக்கு அடியில்

ஐயாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. "நான் வேலைக்குச் சேர்ந்தப்ப கே.எல்.சி.சி. இல்லம்மா. அங்கதான் எங்க லாயம்" என்று தொடங்கினார்.

இளம் வாசகர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். இன்று பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் நிற்கும் இடம், ஜாலான் அம்பாங்கில் இருந்த குதிரைப் பந்தயத் திடல். 1896-ல் தொடங்கிய சிலாங்கூர் டர்ஃப் கிளப் அங்கேதான் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் கிளப் சுங்கை பீசிக்கு மாறியது. நாம் செல்ஃபி எடுக்கும் பூங்காப் பக்கம் ஒரு காலத்தில் குதிரைகள் ஓடின. துங்கு தங்கக் கிண்ணம், சிலாங்கூர் சுல்தான் தங்கக் கிண்ணம் எல்லாம் இந்தக் கிளப்பின் பெரிய பந்தயங்கள்.

மெல்பர்ன் கப்புக்கும் நம் ஊருக்கும் கூட நெருங்கிய தொடர்பு உண்டு. கிள்ளானிலிருந்து வரும்போது அப்துல்லா ஹுக்கும் நிலையத்தில் இறங்கிப் பாலம் கடந்தால் மிட் வேலி. அந்த வளாகத்தைக் கட்டிய ஐ.ஜி.பி. நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர் டத்தோ டான் சின் நாம். 2018-ல் மறைந்த இவர் பங்கு உரிமையாளராக இருந்த குதிரைகள் மெல்பர்ன் கப்பை நான்கு முறை வென்றன. திங்க் பிக் 1974-லும் 1975-லும், செயின்ட்லி 1996-ல், வியூட் 2008-ல். நான்கு முறையும் பயிற்றுநர் ஒருவரே, ஆஸ்திரேலியாவின் பார்ட் கமிங்ஸ். டான் சின் நாமுக்குச் சதுரங்கத்தில் உயிர். அவருடைய ஜாக்கிகள் அணிந்த சட்டையும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டது, சதுரங்கப் பலகை மாதிரி.

"அவரு குதிரைங்க எப்படி உள்ள போச்சுன்னு தெரிஞ்சா உன் கேள்விக்குப் பதில் கிடைச்சிரும்" என்றார் ஐயா. அத்தை கொண்டுவந்த தேநீரை ஓரமாக வைத்துவிட்டு விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார்.

முதல் படி: பிறப்புப் பத்திரம்

பந்தயத்தில் ஓடும் குதிரை 'தரோபிரெட்' இனமாக இருக்க வேண்டும். அதாவது தாய், தகப்பன், அவற்றின் முன்னோர் எல்லாம் இனப் பதிவேட்டில் இருக்க வேண்டும். உலகில் இன்று ஓடும் எல்லா தரோபிரெட் குதிரைகளின் ஆண்வழியும் 300 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட மூன்று ஆண் குதிரைகளில் போய் முடிகிறது. செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியைப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. மரபணுச் சோதனை, கழுத்தில் மைக்ரோசிப் எல்லாம் உண்டு. ஆள்மாறாட்டம் செய்ய முடியாது.

வயதுக் கணக்கு வேடிக்கையானது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய தென்கோள நாடுகளில் எல்லாக் குதிரைக்கும் ஆகஸ்ட் 1-ஆம் தேதிதான் பிறந்தநாள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜனவரி 1. நம் நாட்டில் ஓடும் குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வருபவை. "ஒரே நாள்ல லாயத்துல இருக்கிற அத்தனை பேருக்கும் பர்த்டே. கேக்குதான் கட்டுப்படியாகாது" என்று சிரித்தார் ஐயா.

இரண்டாம் படி: கதவுச் சோதனை

எந்தப் புதுக் குதிரையையும் நேராகப் பந்தயத்தில் விட மாட்டார்கள். முதலில் சோதனை ஓட்டம். ஓட்டம் தொடங்கும் இடத்தில் வரிசையாக இருக்கும் இரும்புக் கூண்டுக்குள் குதிரை அமைதியாக நுழைய வேண்டும். மிரளாமல் நிற்க வேண்டும். கதவு திறந்ததும் நேராகப் பாய வேண்டும். அதிகாரிகளும் கால்நடை மருத்துவரும் பார்த்துச் சரி என்றால்தான் ஓடலாம்.

ஓடத் தொடங்கிய பிறகும் தகுதி பறிபோகலாம். ஆஸ்திரேலிய விதிப்படி, ஓட்டத்துக்குப் பின் மூக்கின் இரண்டு துளைகளிலும் இரத்தம் வந்தால் மூன்று மாதம் ஓடத் தடை. இன்னொரு முறை வந்தால் ஆயுளுக்கும் தடை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குதிரை என்பது கணக்கில் வராது.

மூன்றாம் படி: பெரிய பந்தயத்தின் வாசல்

உலகின் பெரிய பந்தயங்கள் ஒவ்வொன்றும் தன் வாசலை ஒவ்வொரு விதமாக வைத்திருக்கிறது. நம் நேயர் கேட்ட பாயிண்ட் கணக்கு அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில் இருக்கிறது. 3 வயதுக் குதிரைகள் மட்டும் ஓடும் பந்தயம் அது. 2013-லிருந்து அங்கே புள்ளி முறை. குறிப்பிட்ட பந்தயங்களில் முன்னிலை பெற்றால் புள்ளி. அதிகப் புள்ளி எடுத்தவற்றுக்கு 20 இடம். காற்பந்து லீக் மாதிரியேதான்.

காசு கட்டும் முறைக்கு இங்கிலாந்தின் எப்சம் டெர்பியைச் சொல்லலாம். குதிரை ஒரு பந்தயம்கூட ஓடியிராத 1 வயதிலேயே முதல் பதிவு தொடங்கிவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் கட்டணம். முதலில் பதியாமல் கடைசியில் சேர நினைத்தால் பெரிய தொகை கட்ட வேண்டும்.

மெல்பர்ன் கப் இந்த இரண்டிலிருந்தும் வேறுபட்டது. 1861-லிருந்து நடக்கும் இந்தப் பந்தயம் இப்போது 3,200 மீட்டர் தூரம். 3 வயதுக்கு மேற்பட்ட குதிரைகள் ஓடலாம். 24 இடம்தான். ஆனால் ஆகஸ்ட் வாக்கில் பதிவு நடக்கும்போது நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகளின் பெயர் வந்துவிடும். இந்தக் கூட்டம் மூன்று மாதத்தில் 24 ஆகச் சுருங்க வேண்டும்.

சுருங்குவதற்கு முதல் வழி, நேரடி நுழைவு. குறிப்பிட்ட சில பந்தயங்களை வென்றால் இடம் உறுதி. அக்டோபரில் நடக்கும் கோல்ஃபீல்ட் கப் அப்படி ஒன்று. மே மாதம் ஃபிளெமிங்டன் திடலில் நடக்கும் ஆண்ட்ரூ ராம்ஸ்டென் பந்தயம் இன்னொன்று. நம் பார்ட் கமிங்ஸின் பெயரிலேயே ஒரு 2,500 மீட்டர் ஓட்டம் இருக்கிறது. அதை வென்றாலும் கதவு திறக்கும். கப்புக்கு மூன்று நாள் முன், சனிக்கிழமை நடக்கும் ஓட்டம் ஒன்றுதான் கடைசி வாய்ப்பு. 2009-ல் ஷாக்கிங் என்ற குதிரை சனிக்கிழமை அதை வென்று, செவ்வாய்க்கிழமை கப்பையே வென்றது.

மற்றக் குதிரைகளுக்கு இரண்டாவது வழி, எடை. இதுதான் ஐயா எனக்குப் புரியவைக்க அதிக நேரம் எடுத்துக்கொண்ட விஷயம்.

வென்றால் சுமை கூடும்

மெல்பர்ன் கப் ஒரு 'ஹேண்டிகேப்' பந்தயம். செப்டம்பரில் அதிகாரி ஒருவர் பதிவான எல்லாக் குதிரைகளின் பழைய ஓட்டங்களையும் அலசி, ஒவ்வொன்றும் எவ்வளவு எடை சுமக்க வேண்டும் என்று தீர்மானிப்பார். ஜாக்கி, சேணம் எல்லாம் சேர்ந்த எடை அது. ஜாக்கி ஒல்லியாக இருந்தால் மீதிக்குச் சேணத்தில் ஈயத் தகடு வைப்பார்கள். ஓடி முடித்து இறங்கியதும் ஜாக்கி சேணத்துடன் மறுபடி தராசில் ஏற வேண்டும்.

திறமையான குதிரைக்கு அதிக எடை. சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை. எடை தீர்மானித்த பிறகு ஒரு குதிரை பெரிய பந்தயம் எதையாவது வென்றால், இன்னும் கொஞ்சம் எடையை ஏற்றலாம். இடம் ஒதுக்கும்போது மேலே உள்ள எடைக்காரர்களுக்கு முன்னுரிமை. ஆக, வாசலுக்குள் நுழைய எடை வேண்டும். நுழைந்தபின் அதே எடை முதுகில் உட்கார்ந்து அழுத்தும்.

"எல்லாக் குதிரையும் கோட்டை ஒரே நேரத்துல தாண்டணும். அதான் எடை போடுறவர் மனசுல இருக்கிற படம்" என்றார் ஐயா.

ஆஸ்திரேலியர்கள் இன்றும் கொண்டாடும் ஃபார் லாப் இதற்குச் சாட்சி. 1930-ல் அது 62.5 கிலோ சுமந்து கப்பை வென்றது. அடுத்த ஆண்டு 68 கிலோ ஏற்றினார்கள். எட்டாவதாக வந்தது. குதிரை அதேதான். கூடியது ஐந்தரை கிலோ. நம் வீட்டு அரிசிப் பை அளவு. மேக்கிபி டிவா என்ற பெண் குதிரை 2003, 2004, 2005 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து வென்றது பேசப்படுவதற்கும் இதுவே காரணம். ஒவ்வொரு ஆண்டும் எடையைக் கூட்டினார்கள். கடைசி ஆண்டு 58 கிலோ. அப்படியும் வென்றது.

சில நேரம் குதிரை தகுதி பெற்றும் காகிதம் தோற்றுவிடும். முதல் இரண்டு மெல்பர்ன் கப்புகளையும் வென்றது ஆர்ச்சர். 1863-ல் மூன்றாம் முறைக்கு அதன் பயிற்றுநர் சம்மதத் தந்தி அனுப்பினார். அன்று மெல்பர்னில் பொது விடுமுறை. தந்தி கிளப் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஏற்க மாட்டோம் என்றுவிட்டார்கள். கோபத்தில் பல உரிமையாளர்கள் தங்கள் குதிரைகளை விலக்கிக்கொள்ள, அந்த ஆண்டு ஓடியவை ஏழே குதிரைகள். அதைவிடச் சிறிய மெல்பர்ன் கப் இதுவரை நடந்ததில்லை. அரசாங்க அலுவலகத்தில் கடைசி நாளில் பாரம் கொடுக்கப் போய்க் கதவு மூடியிருப்பதைப் பார்த்த எவருக்கும் ஆர்ச்சரின் வலி புரியும்.

காலில் கை வைத்தால் தெரியும்

2020-ஆம் ஆண்டு மெல்பர்ன் கப்பில் ஆன்டனி வான் டைக் என்ற குதிரையின் கால் ஓட்டத்தின்போது முறிந்தது. அது முந்தைய ஆண்டு எப்சம் டெர்பியை வென்ற குதிரை. காப்பாற்ற முடியாமல் அங்கேயே கருணைக்கொலை செய்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் வெளிநாட்டிலிருந்து வந்த குதிரைகள் இப்படி இறந்திருந்தன. மக்கள் கேள்வி கேட்டார்கள். அதன் பிறகு, 2021-ல், விதியைக் கடுமையாக்கினார்கள். வெளிநாட்டுக் குதிரைகள் விமானம் ஏறும் முன்பே ஸ்கேன் எடுக்க வேண்டும். கப்பில் ஓடவிருக்கும் குதிரைகளின் கீழ்க்கால்களுக்குப் பந்தயத்துக்கு முன் சி.டி. ஸ்கேன். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்தாலும் வாசல் மூடிவிடும்.

இதைச் சொன்னபோது ஐயா தலையாட்டினார். "நாங்க ஸ்கேனு பாத்ததில்ல. காலையில அஞ்சு மணிக்கு லாயத்துக்குப் போனதும் நாலு காலையும் முட்டியிலிருந்து குளம்பு வரைக்கும் கையால தடவிப் பாப்போம். ஒரு கால் மத்த கால விடச் சூடா இருந்தா ஏதோ இருக்குன்னு அர்த்தம். பயிற்றுநர்கிட்டச் சொல்லிருவோம். அன்னைக்கு அது ஓடாது."

ஒரு முறை அவர் அப்படிச் சொன்னபோது, 'நீ என்ன டாக்டரா?' என்று கேட்டார்களாம். குதிரையை ஓட்டிவிட்டார்கள். அது நொண்டிக்கொண்டே வந்தது. "திரும்பி வந்து என் தோள்ல மூஞ்ச வச்சிக்கிச்சு. நான் என்ன சொல்றது அதுக்கு?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் தேநீரைக் குடித்தார்.

மூன்று குதிரை, மூன்று கதை

இப்போது டான் சின் நாமின் குதிரைகளுக்கு வருவோம்.

1974-ல் எல்லாரும் நம்பியது லைலானி என்ற பெண் குதிரையை. அந்த ஆண்டு கோல்ஃபீல்ட் கப்பை வென்று வந்திருந்தது. அதுவும் பார்ட் கமிங்ஸின் லாயம்தான். ஆனால் வென்றது அதே லாயத்தின் திங்க் பிக். லைலானி இரண்டாவது.

அடுத்த ஆண்டு திங்க் பிக்குக்கு எடை கூடியது. இடைப்பட்ட ஓராண்டில் அது ஒரு பந்தயம்கூட வெல்லவில்லை. கணக்குப் பார்த்தவர்கள் அதை ஒதுக்கினார்கள். 1975 கப்பையும் அதுவே வென்றது.

செயின்ட்லியின் கதை நேர்மாறு. 1996-ல் காக்ஸ் பிளேட் என்ற பெரிய பந்தயத்தை வென்று, பத்தே நாளில் மெல்பர்ன் கப்பையும் வென்றது. நம்பியவர்கள் ஏமாறவில்லை.

2008-ல் வியூட். அந்த ஆண்டு பிரிஸ்பன் கப்பை வென்றிருந்தாலும், மெல்பர்ன் கப்புக்கு முந்தைய ஓட்டங்களில் பெரிதாக எதுவும் செய்யவில்லை. பந்தயக்காரர்கள் ஒன்றுக்கு நாற்பது என்று விலை போட்டிருந்தார்கள். பாவர் என்ற குதிரையுடன் கோட்டைத் தாண்டியபோது யார் முதல் என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. புகைப்படத்தைப் பார்த்துத்தான் வியூட் என்று அறிவித்தார்கள்.

ஒரே உரிமையாளர், ஒரே பயிற்றுநர். ஒன்று எதிர்பார்த்தபடி வென்றது. மற்றவை எதிர்பாராமல் வென்றன. 2015-ல் ஒன்றுக்கு நூறு என்று விலை போன பிரின்ஸ் ஆஃப் பென்சன்ஸ் வென்று, மிஷெல் பெய்ன் கப்பை வென்ற முதல் பெண் ஜாக்கி ஆனார். டான் சின் நாம் தன் வாழ்க்கை வரலாற்றுக்கு வைத்த தலைப்பே, 'அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன் என ஒருபோதும் சொல்லாதே' என்ற பொருள் தருவது. குதிரைகளுடன் அவ்வளவு காலம் இருந்தவர் வைத்த தலைப்பு.

மாமாவின் குதிரை

ஐயா பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க மாமா வாயே திறக்கவில்லை. வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான்தான் கேட்டேன்.

"மாமா, அன்னைக்கு நீங்க கட்டுன குதிரை எது?"

அத்தை அடுப்படியில் இருந்தார். மாமா குரலைத் தாழ்த்தினார். அவருக்கு 55 வயதானதும் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. முப்பது ஆண்டு தொழிற்சாலை வேலையின் சேமிப்பு. கோப்பிக் கடையில் தினமும் சந்திக்கும் ஒருவர், "உறுதியான குதிரைண்ணே. ரெண்டு ஓட்டம் வரிசையா ஜெயிச்சிருக்கு. இந்த வாரப் பெரிய பந்தயத்துக்குத் தகுதியே வாங்கிருச்சு. தோக்கவே தோக்காது" என்றிருக்கிறார். மாமா முதலில் கொஞ்சம் கட்டினார். போனதை எடுக்க இன்னும் கொஞ்சம். அதை எடுக்க இன்னும். ஒரு கார் வாங்கும் பணம் சில மாதத்தில் கரைந்தது. என் மாமா மகள் அந்த ஆண்டு கல்லூரியில் சேர வேண்டியவள். ஒரு வருடம் கடையில் வேலை பார்த்துவிட்டுத்தான் சேர்ந்தாள்.

"அந்த முதல் குதிரை எத்தனாவதா வந்துச்சு?"

"அஞ்சாவது."

ஐயா மெதுவாகச் சொன்னார். "தம்பி, அன்னைக்கே என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ரெண்டு தடவ ஜெயிச்சதாலதான் அது தோத்துச்சு. ஜெயிச்சதும் மதிப்பெண் ஏறிருச்சு. மேல் வகுப்புக்குப் போயிருச்சு. அங்க அதவிட நல்ல குதிரைங்க. முதுகுல எடையும் கூட. தகுதி வாங்குனதுன்னா ஜெயிக்கும்னு அர்த்தமில்ல. இனிமே கஷ்டம்னு அர்த்தம்."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் சட்டென்று விளங்கியது. நேயர் கேட்ட கேள்விக்கும் எங்கள் வீட்டுக் கதைக்கும் ஒரே பதில். ஒரு குதிரையைப் பெரிய பந்தயத்துக்குள் அனுமதிக்கும் விதிகள் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை, யார் வெல்வார் என்று எவராலும் சொல்ல முடியாதபடி ஆக்குவதுதான். ஊசிப் போன குதிரையைச் சோதனையில் கழித்துவிடுகிறார்கள். நோயுள்ளதை மருத்துவர் கழித்துவிடுகிறார். மிச்சம் இருக்கும் நல்ல குதிரைகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தையும் எடை போட்டு அழித்துவிடுகிறார்கள். அதற்கென்றே சம்பளம் வாங்கும் நிபுணர் இருக்கிறார். அவர் முழு நேரமாகச் செய்த வேலையை, கோப்பிக் கடையில் உட்கார்ந்து ஒருவர் முறியடித்துவிட்டார் என்று நம்பினால்தான் 'உறுதியான குதிரை'யை நம்ப முடியும்.

அதோடு, அதிகாரபூர்வ பந்தயக் கூட்டிலும் வசூலான பணத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டுதான் மீதியை வென்றவர்களுக்குப் பிரிக்கிறார்கள். சட்டவிரோதமாகக் கைப்பேசியில் கட்டும் கூட்டத்தில் அந்தக் கணக்கும் தெரியாது, கேட்க ஆளும் கிடையாது. அன்று கோப்பிக் கடையில் வந்த 'டிப்ஸ்' இன்று டெலிகிராம் குழுவில் வருகிறது. வார்த்தை மட்டும் மாறவில்லை. உறுதி, தோற்காது, கடைசி வாய்ப்பு.

மூடிய வாசல்கள்

கிளம்பும் முன் ஐயாவிடம் இன்னொன்று கேட்டேன். இப்போதும் லாயத்துக்குப் போவதுண்டா என்று.

"எங்கம்மா போறது? ஒவ்வொன்னா மூடுறாங்களே" என்றார்.

சிங்கப்பூர் டர்ஃப் கிளப் 1842-ல் தொடங்கியது. 2024 அக்டோபர் 5-ஆம் தேதி அங்கே கடைசிப் பந்தயம் ஓடியது. கிராஞ்சித் திடலின் நிலம் அரசாங்கத்திடம் திரும்புகிறது. வீடுகள் வரும். 1864-ல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப்பும் 2025-ல் பந்தயத்தை நிறுத்திக்கொண்டது. தமிழ்நாட்டில் சென்னை கிண்டிப் பந்தயத் திடலை 2024 செப்டம்பரில் மாநில அரசு மீட்டுக்கொண்டது. ஜாலான் அம்பாங்கில் இரட்டைக் கோபுரம் எழுந்தபோது தொடங்கிய கதை, ஒவ்வோர் ஊராக நடக்கிறது.

எங்கள் குடும்பத்துக்கு நடந்ததைப் பார்த்தால் நான் மகிழ வேண்டும். முழுதாக மகிழ முடியவில்லை. சூதாட்டம் போனால் போகட்டும். இருட்டில் எழுந்து நாலு காலையும் தடவிப் பார்த்து, 'இது இன்னைக்கு ஓட வேணாம்' என்று சொல்லத் தெரிந்த கைகளும் அத்துடன் போகின்றன. அந்தக் கைகளில் பல நம்மவர்களுடையவை. கிண்ணத்தில் உரிமையாளர் பெயர் இருக்கும், பயிற்றுநர் பெயர் இருக்கும், ஜாக்கி பெயர் இருக்கும். சைஸ் பெயர் இருக்காது.

வாசல் வரை வந்த மாமா, "எழுதப் போறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எழுது. பேரு மட்டும் போடாத. தொகையும் போடாத. அத்தைக்கு முழுசாத் தெரியாது" என்றார்.

பின்னால் நின்றிருந்த அத்தை, "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு, எனக்காகப் பொட்டலம் கட்டிய முறுக்கைக் கையில் திணித்தார்.

கொம்யூட்டரில் உட்கார்ந்து அந்த நேயருக்குப் பதில் அனுப்பினேன். "தம்பி, பாயிண்ட்டும் உண்டு, காசும் உண்டு, எடையும் உண்டு. விவரம் ஞாயிறு பத்திரிகையில் எழுதுகிறேன். அதுவரை யாராவது உறுதியான குதிரை என்று சொன்னால், அதன் முதுகில் எத்தனை கிலோ என்று மட்டும் கேளுங்கள்."

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "சரிக்கா. ஆனா நான் ஏற்கெனவே ஐம்பது வெள்ளி கட்டிட்டேன் லா. ஒன்பதாவதா வந்துச்சு."